ஒளு எடுத்த கால்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கண்டியில் எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆனால் கலியாணம் முடித்து வந்த முதல் சில மாதங்கள் அந்த நீள வாய் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசியது. கக்கா. பிள்ளை இன்றைக்குக் கக்கா போனாளா, போகவில்லையா, போகாவிட்டால் ஏன் போகவில்லை. காலையில் கண் விழித்தால் அது. மத்தியானம் சோறு போடும்போது அது. இரவில் கடையைப் பூட்டிவிட்டு வருகிற மனுசன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னமே, ஏதோ கொழும்பிலிருந்து வரவேண்டிய புடவைக் கட்டைப் பற்றி விசாரிப்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "விஷயம் என்ன?" என்று கேட்பாரே, அதுவும் அதுதான். வெட்கப்படுகிறவர்கள் இந்த இடத்தில் எழுந்து போகலாம். பிள்ளை வளர்த்தவர்கள் போகமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் நாவலப்பிட்டியில் பிறந்தவள். வாப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை. கண்டியில் புடவைக் கடை வைத்திருந்தவருக்கு என்னை இரண்டாந் தாரமாகக் கொடுத்தார்கள். முதல் மனைவி காய்ச்சலில் மவுத்தாகிப் போனபோது அவருடைய பெண்பிள்ளைக்கு நடைகூட வந்திருக்கவில்லையாம். தாய்ப்பால் ஒரே நாளில் நின்றுபோன பிள்ளை. அவளைத் திகனவில் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்துப் பார்த்தவர், மவுத்தானவரின் கூடப்பிறந்த மூத்த சகோதரி. அவரை எல்லாரும் ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அவர் ராத்தாதான், இரத்த உறவு இல்லாவிட்டாலும்.

கண்டிப் பெரஹரா முடிந்து சனக்கூட்டம் கலைந்தபின் ஒரு நாள், ராத்தா பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் இருத்தினார். கொடுத்தார் என்று சொல்ல வாய் வரவில்லை. இரவல் தந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"நோன்பு வார முன்னம் வந்து பார்ப்பன். புள்ள நல்லா ஈந்தா இங்க ஈக்கட்டும். வாடிப் போயீந்தா, நான் கூட்டிட்டுப் போயிருவன். கேட்டுப்போட்டு எடுக்கமாட்டன், செல்லிட்டன்" என்றார்.

தகப்பன்காரர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். அந்த மனுசன் ராத்தாவுக்கு முன்னால் எப்போதும் தலையை ஆட்டுகிற ஆள்தான்.

இன்னொன்றும் சொன்னார் ராத்தா. "அவள் ஒன்ன சாச்சி எண்டு கூப்பிடட்டும். உம்மா எண்டா ஒருத்திதான். அவள் மண்ணுக்குள்ள ஈக்கிறாள்." சொல்லும்போது கண்ணால் தண்ணீர் வடிந்தது. சாச்சி என்றால் சின்னம்மா; எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அழுதுகொண்டு நிற்கிற மனுசியோடு எப்படிச் சண்டை பிடிக்கிறது? சரி ராத்தா என்றேன்.

போகும்போது வாசலில் நின்று ஒரு சட்டமும் போட்டுவிட்டுப் போனார். "காலைல புள்ளையத் தொட முன்னம் தொழுதுரு. அவள் ஒன்ட உடுப்பில பேஞ்சாளெண்டா பொறகு எல்லாத்தையும் கழுவிக்கொண்டுதான் நிக்கணும், சுபஹ் போயிரும். முதல்ல ஒளு, பொறகு தொழுகை, அதுக்குப் பொறகுதான் புள்ள." ஒளு என்பது தொழுவதற்கு முன்னால் முகம், கை, கால் கழுவிக்கொள்வது; சுபஹ் விடியற்காலைத் தொழுகை. இந்தச் சட்டத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரிலும் பிள்ளைத்தாய்மார் அப்படித்தான் செய்வார்கள். நானும் அப்படியே செய்தேன், ஒரு நாள் தவறாமல்.

பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அல்லாவே, என்ன பிள்ளை அது! சுருட்டை முடி, குண்டுக் கன்னம், நடக்கும்போது இரண்டு கையையும் கடைக்கார முதலாளி மாதிரிப் பின்னால் கட்டிக்கொள்வாள். தெரிந்த சொல் நாலோ ஐந்தோதான், அதில் மிகப் பிடித்தது "வாணா." சோறு வாணா. குளிக்க வாணா. சாச்சி வாணா. வாணா என்று சொல்லிக்கொண்டே வந்து மடியில் ஏறி, என் சட்டைக் கையைப் பிடித்து உறிஞ்சிக்கொண்டு தூங்கிப்போவாள். மூன்றாம் நாளே நான் அவளுக்கு அடிமைப்பட்டுவிட்டேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எனக்கு இரவல் குஞ்சே பொன்னாகிவிட்டது.

ஆனால் வயிறு? அது என் பேச்சைக் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் பிள்ளைகளைக் கக்காவுக்கு இருத்துகிற முறை இதுதான். பின்கட்டில் ஒரு சின்னப் பலகையைப் போட்டு நாம் இருந்துகொண்டு, இரண்டு காலையும் முன்னால் நீட்டுவோம். குதிக்கால் தரையில், பாதம் மேலே. பிள்ளையின் இரண்டு தொடையும் நம்முடைய இரண்டு பாதத்தில் படும்படி, நம் பக்கம் முகம் பார்த்து இருத்துவோம். அது நம் முழங்காலைப் பிடித்துக்கொள்ளும். கீழே ஒரு கமுகு மட்டையை வைத்துவிட்டால் காரியம் முடிந்ததும் மட்டையோடு எடுத்து எறிந்துவிடலாம். கதிரையும் வேண்டாம், கோப்பையும் வேண்டாம். குந்தி இருக்கிற பிள்ளைக்கு வயிறு தானாக இளகும். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கதை சொல்லிக்கொண்டே இருக்கலாம். உலகத்தில் இதைவிட வசதியான ஆசனம் உண்டா?

எங்கள் பிள்ளை அந்த ஆசனத்தில் இருக்கமாட்டாள். நான் தொழுதுவிட்டு வந்து, தூக்கக் கலக்கத்தில் இருப்பவளைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போவேன். பாதத்தில் இருத்தியதும் வீல் என்று ஒரு சத்தம். இரண்டு காலையும் வயிற்றோடு இழுத்துக்கொண்டு, உடம்பை விறைத்து, "வாணா! வாணா!" என்று எழும்பிவிடுவாள். வந்ததும் உள்ளே போய்விடும். பிறகு அன்றைக்கெல்லாம் அடக்கிக்கொண்டு திரிவாள். அடக்கினால் கல்லாகும், கல்லானால் நோகும், நோகுமென்று பயந்து மறுநாளும் அடக்குவாள். வயிறு பறை மாதிரி ஊதிக்கொள்ளும். சாப்பாட்டை ஒதுக்கிவிடுவாள். அடுப்படி மூலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க, காலைப் பின்னிக்கொண்டு நிற்பாளே, அதைப் பார்க்க என் வயிறு எரியும்.

நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை மெலிந்துகொண்டிருந்தாள். ராத்தாவின் முகம் எனக்குக் கனவில் வர ஆரம்பித்தது.

வைத்தியத்துக்கு என்ன குறைச்சல்? ஊரெல்லாம் வைத்தியர்கள்தான். பக்கத்து வீட்டில் அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் ஒருவரின் மனைவி, யாழ்ப்பாணத்து அக்கா, வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். "ஓமத்தை வறுத்து அவிச்சு, வடிச்சுக் குடுங்கோ. டின்பாலை நிப்பாட்டுங்கோ. அதுதான் பிள்ளையின்ர வயித்தை இறுக்கிறது. ஒண்டுக்கும் சரிவராட்டி வெத்திலைக் காம்பில எண்ணெய் தொட்டு வையுங்கோ." டின்பாலை நிறுத்தினேன், அது நல்ல யோசனைதான். பாதிப் பால் டின்னை நானும் என் மனுசனும் தேத்தண்ணீரில் ஊற்றிக் குடித்துத் தீர்த்தோம். ஓமத் தண்ணீரைக் கொடுத்தேன், பிள்ளை அதை என் முகத்திலேயே துப்பினாள். வெற்றிலைக் காம்பைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன். அன்றைக்குப் பிறகு யாராவது வெற்றிலை போட்டாலே அவள் ஓடி ஒளிந்துகொள்வாள்.

என் மனுசன் கடைவீதியிலிருந்து தினம் ஒரு பப்பாசிப் பழத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். பேரீத்தம்பழத்தை ஊறவைத்துக் கரைத்துக் கொடுக்கச் சொல்லி எங்கள் உம்மா நாவலப்பிட்டியிலிருந்து ஆள் அனுப்பினார். பள்ளிவாசல் லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தார். கண்ணூறு என்று ஒருவர், மாந்தம் என்று ஒருவர். வசம்பைச் சுட்டு உரைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவு என்று ஒருவர். எல்லாம் செய்தேன். பிள்ளையின் தொப்புள் கறுத்ததுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு நாள் என் மனுசனே ஆமணக்கெண்ணெய்ப் போத்தல் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். "எல்லாரும் செல்றாங்க. ஒரு தரம் கழுவிவிட்டாச் சரியாம்." நானும் மூக்கைப் பிடித்து ஊற்றினேன். கழுவியது, ஐயோ, கழுவியது! அன்றைக்குப் பகல் முழுதும் பிள்ளை தண்ணீராகப் போனாள். பின்னேரம் கண் உள்ளே போய், உதடு காய்ந்து, வாணா என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல் என் தோளில் துவண்டு கிடந்தாள். கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டும், தெம்பிலி இளநீரும், கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். பொழுது பட்டு, மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு மெதுவாகக் கண்ணைத் திறந்து, என் சட்டைக் கையைத் தேடிப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது. எழும்பிப்போய் அந்தப் போத்தலை எடுத்து இருட்டில் வேலிக்கு அப்பால் வீசினேன். அது அக்காவின் கீரைப் பாத்தியில் விழுந்து உடைந்தது.

"என்ன பிள்ளை, என்ர கீரைக்கும் பேதி குடுக்கிறீரோ?" என்றார் அக்கா, மறுநாள் காலை. அவருக்கு முன்னால் சிரித்தேன், வீட்டுக்குள் வந்து அழுதேன்.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். இனி இந்தப் பிள்ளையின் வயிற்றோடு நான் மல்லுக்கட்ட மாட்டேன். தின்ன வேண்டியதைக் கொடுப்பேன்: குழையக் காய்ச்சின கஞ்சி, கீரைத் தண்ணீர், கனிந்த பழம், தாகத்துக்கு ஆறின வெந்நீர். முற்றத்தில் ஓடி விளையாட விடுவேன். மற்றதை வயிறு பார்த்துக்கொள்ளட்டும். அவரிடமும் சொன்னேன், இந்த வீட்டுக்குள் இனி ஒரு மருந்துப் போத்தல் வந்தால் அதை நீங்கள்தான் குடிப்பீர்கள் என்று. மனுசன் தலையை ஆட்டினார். எனக்கும் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார் என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம்.

சாப்பாடு இறங்கியது, கன்னம் கொஞ்சம் திரும்பியது. ஆனால் காலையில் அந்த வீல் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. இடையிடையே சில நாட்கள் பிள்ளை ஒழுங்காகப் போவாள். காலையில் இருத்தியதும், ஒரு சத்தமும் இல்லாமல், என் முழங்காலைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே போவாள். பிறகு பழையபடி பூட்டிக்கொள்ளும். முதல் தரம் அப்படி நடந்தபோது, "பார்த்தியா, பப்பாசி!" என்று என் மனுசன் கடைப்பையன்கள் முதற்கொண்டு எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். அடுத்த தரம், "என்ர ஓமத் தண்ணி" என்று அக்கா வேலிக்கு மேலால் பெருமைப்பட்டார். லெப்பையும் தன் பங்கைக் கேட்டிருப்பார், நல்ல மனுசன், கேட்கவில்லை. காக்கை இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் விழுந்தது எதனால் என்று எனக்கும் அப்போது தெரியாது.

மார்கழி மழை பிடித்துக்கொண்டது. மலைப்பக்கம் எங்கேயோ மண் சரிந்து கடைவீதிக்குப் பப்பாசி வரவில்லை. அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறிவிட்டார். வீட்டில் மருந்தென்று ஒரு சொட்டும் இல்லை. அந்தக் கிழமை பார்த்துப் பிள்ளை ஒழுங்காகப் போகத் தொடங்கினாள், ஒவ்வொரு காலையும்.

பப்பாசி இல்லை. ஓமம் இல்லை. ஓதின தண்ணீரும் இல்லை. பின்னே என்ன? அடுப்படியில் குந்தியிருந்து யோசித்தேன். அந்தக் கிழமை வழக்கத்துக்கு மாறாக இந்த வீட்டில் இல்லாதது வேறு என்ன?

என் தொழுகை.

பெண்களுக்கு மாதத்தில் சில நாள் தொழுகை இல்லை. எங்களுக்குள் அதை அப்படித்தான் சொல்வோம்: எனக்குத் தொழுகை இல்லை. அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். அந்த நாட்களில் நான் சுபஹுக்கு எழும்புவதில்லை. பிள்ளையோடு ஒரே போர்வைக்குள் கிடந்துவிட்டு, விடிந்தபின் எழும்பி, அடுப்பை மூட்டி, அதற்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் காலை நீட்டிக்கொண்டிருந்துவிட்டுத்தான் அவளை இருத்துவேன். முதல் இரண்டு தரமும் அப்படித்தான் இருந்ததா? விரல் மடித்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. உடனே எனக்குப் பயம் வந்துவிட்டது. தொழுதால் பிள்ளைக்கு ஆகாது, தொழாவிட்டால் ஆகும் என்று ஒரு கணக்கு வந்தால் அதை யாரிடம் போய்ச் சொல்கிறது? தவ்பா, தவ்பா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தொழுகை திரும்பிய நாள். இருட்டோடு எழும்பிக் குளித்து, ஒளு எடுத்து, தொழுதுவிட்டு, போர்வைக்குள் வெதுவெதுவென்று கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தேன். பலகையில் இருந்து காலை நீட்டினேன். அவளை இறக்கினேன். அவளுடைய தொடை என் பாதத்தில் பட்டதுதான் தாமதம், வீல் என்றாள். ஆனால் இந்தத் தரம் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய தொடையைப் பார்த்தேன். புல்லரித்து, பொடிப் பொடியாக நின்றது.

என் கையால் என் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ்!

எங்கள் வீடு மலையை வெட்டிக் கட்டினது. பின்கட்டில் காலை பத்து மணிக்கு முன்னால் வெயில் எட்டிப் பார்க்காது. சீமெந்துத் தொட்டியில் இரா முழுதும் குளிர்ந்து கிடந்த தண்ணீரை மொண்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, சீமெந்துத் தரையில் நின்று தொழுதுவிட்டு, அந்தக் காலின் மேல்தான் நான் ஒவ்வொரு காலையும் ஒரு தூங்கின பிள்ளையை இருத்திக்கொண்டிருந்தேன். எந்தப் பிள்ளை போகும்? எனக்கென்றால் ஒரு கிழமைக்கு வராது! பின்கட்டில் தனியே இருந்து நான் சிரித்த சிரிப்பைக் கேட்டு, அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

பிள்ளையின் வயிற்றை ஊரே பார்த்தது. என் காலை ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து தொழுது முடிந்ததும் அடுப்பை மூட்டிப் பாதத்தை அனலில் காட்டிக்கொண்டேன். பாதம் சூடேறியதும் பிள்ளை. முதல் நாள் நம்பாமல் ஒரு காலால் மிதித்துப் பார்த்துவிட்டு இருந்தாள். அடுத்த நாள் நேரே வந்து இருந்தாள். அவ்வளவுதான் வைத்தியம்.

நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நான் நினைத்த கிழமையிலேயே ராத்தா வந்து இறங்கினார், நான் எதிர்பார்த்ததுக்கு முன்னதாகவே. கையில் ஒரு தகரப் பெட்டி. திறந்து வைத்தார், வெறும் பெட்டி. பிள்ளையின் உடுப்பு வைக்கத்தான் என்று கேட்காமலே தெரிந்தது. 

பிள்ளையைத் தூக்கிப் பாரம் பார்த்தார். கன்னத்தைக் கிள்ளினார், வயிற்றைத் தட்டினார். ஆமணக்கெண்ணெய் உருக்கிவிட்ட உடம்பு, இன்னும் முழுதாகத் தேறவில்லை. "வத்திப் போயிட்டாளே" என்றார்.

"இப்ப ஒழுங்காப் போறாள் ராத்தா. சத்தியமா."

"நாளைக்குக் காலைல நானே இருத்திப் பார்க்கிறன். போனாளெண்டா பெட்டிய வெறுமனே கொண்டுபோறன். இல்லாட்டி என்னோட வருவாள். என்ட ஊட்டில ஒரு நாளும் இவளுக்கு இந்தக் கரைச்சல் வந்ததில்ல."

கால் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் என் மனுசன் பக்கத்திலேயே கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். ஆம்பிளைக்கு முன்னால் தொழுகை இல்லாத நாளைப் பற்றி எப்படித் தொடங்குகிறது? நீள வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள் அன்றைக்கு ஊமையாக இருந்தேன்.

மறுநாள் ராத்தா எனக்கு முன்னமே எழும்பிவிட்டார். தொட்டியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. தொழுதார், தொழுதபின் பாயிலேயே இருந்து நெடுநேரம் ஓதினார். நானும் தொழுதேன். நான் அடுப்பை மூட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்.  வீல் என்ற சத்தம் வருமென்று காத்துக்கொண்டிருந்தேன். வந்தது. மறுபடியும் இருத்தினார் போலிருக்கிறது, மறுபடியும் வந்தது. பிறகு பிள்ளை அழுதுகொண்டே அடுப்படிக்கு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

ராத்தா பின்னாலேயே வந்தார். நேரே அறைக்குள் போய், பெட்டியைத் திறந்து, கொடியில் கிடந்த சின்னச் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து வைக்கத் தொடங்கினார்.

எனக்குத் தாங்கவில்லை. "ராத்தா! புள்ளைட வயித்தில ஒரு குறையும் இல்ல. குறை ஒங்கட கால்ல ஈக்கி!"

அவர் மடித்த சட்டையோடு திரும்பினார். "என்னடி சொன்ன? ஒளு எடுத்துத் தொழுத காலையா குறை செல்ற?"

"என்ன, என்ன சத்தம்?" என்று என் மனுசன் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"நீங்க கடைக்குப் போங்க!" என்றோம், நானும் ராத்தாவும் ஒரே மூச்சில். விடியக்கூட இல்லை, எந்தக் கடை? ஆனால் மனுசன் போய்விட்டார். குடையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை முனையில் நின்றாராம்.

பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்குத் தொழுகை இல்லாத நாளில் பிள்ளை போவதும், தொழுகை வந்தால் அடக்குவதும், பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டதும், தொடை புல்லரித்ததும், அடுப்பு அனலில் பாதத்தைக் காட்டியதும். "தொழுகைல குறை இல்ல ராத்தா. தண்ணி குளிரு. அவ்வளவுதான். ஒங்கட காலத் தொட்டுப் பாருங்க."

ராத்தா கட்டில் விளிம்பில் இருந்தார். குனிந்து தன் பாதத்தைத் தொட்டார். மற்றப் பாதத்தையும் தொட்டுப் பார்த்தார்.

"எங்கட ஊட்டுப் பின்வாசப்படில காலைல வெயில் அடிக்கும்" என்றார் மெதுவாக. "நான் அதிலதான் கால நீட்டிக்கொண்டு இவள இருத்துவன்." பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "என்ட தங்கச்சிக்கு எப்பயும் கால் சூடு. சின்னதில ரெண்டு பேரும் ஒரே பாயில படுப்பம். குளிருக்கு அவட கால்லதான் என்ட கால வெச்சுக்கொள்ளுவன். தள்ளவே மாட்டாள்."

 பிள்ளைகூட அழுகையை நிறுத்திவிட்டாள்.

ராத்தா எழும்பி அடுப்படிக்கு வந்தார். சின்னப் பலகையைக் காலால் தள்ளி அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு, "இரி" என்றார். இருந்தேன். தன் தலையில் போட்டிருந்த முட்டாக்கை எடுத்து, அதன் நுனியை அடுப்பு அனலில் காட்டி, எனக்கு முன்னால் குந்தி, என் பாதத்தைப் பிடித்துத் தேய்க்கத் தொடங்கினார். பதறிக் காலை இழுத்தேன்.

"ராத்தா, வேணாம்! நீங்க மூத்தவங்க, என்ட காலப் பிடிக்கக் கூடாது!"

"சும்மா இரிடி" என்றார்.

அனலில் காட்டுவதும் தேய்ப்பதுமாக, குதிக்கால், உள்ளங்கால், விரலிடுக்கு, ஒன்றும் விடவில்லை. முரட்டுக் கை, நொந்தது. என் கண்ணால் பொலபொலவென்று வடிந்தது, நான் துடைக்கவில்லை. சூடு ஏறிவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு கமுகு மட்டையை எடுத்து வைத்துவிட்டு, சுவரோரம் நின்றவளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"வா மகள். உம்மாட கால் இப்ப சூடு."

அவள் வந்தாள். முதலாளி மாதிரிப் பின்னால் கை கட்டிக்கொண்டு வந்து, என் பாதத்தில் இருந்து, என் முழங்காலைப் பிடித்து, முகத்தைச் சுளித்து, ஒரு முக்கு முக்கினாள். ராத்தா எட்டிப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தினார். ஒழுங்கை முனையில் குடையோடு நின்றவருக்கே கேட்டதாம்.

"இதுக்குப் போயா ராத்தா?" என்றேன், அழுகையும் சிரிப்புமாக.

"இதுக்குச் செல்லாம வேற எதுக்கடி செல்ற?" என்றார் அவர்.

மடித்து வைத்த சட்டைகளைத் திரும்ப எடுக்க விடவில்லை. பெருநாள் வருகிறது, பிள்ளைக்குப் புது உடுப்புத் தைப்பாய், அதை வைக்கவும் பெட்டி வேண்டும்தானே என்று பெட்டியை இங்கேயே விட்டுவிட்டார். மத்தியானம் பஸ் ஏற்றிவிடப் போனோம். பஸ் வரும்வரை பிள்ளையை அவரே தூக்கி வைத்திருந்தார். வந்ததும் அவளை என் கையில் தந்துவிட்டு, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பி என் காலைப் பார்த்தார்.

"கவனமா வெச்சுக்கொள்ளு" என்றார். பஸ் போய்விட்டது.